வளவுச் சேம்பும் தொட்டித் தாமரையும்: இலையைப் பார்த்துப் பிழை நீக்குவது

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பல வளவுகளில் இந்த இரண்டையும் பார்க்கலாம். கிணற்றடி ஈரத்தில் சேம்பு. வாசலில் சீமெந்துத் தொட்டியிலோ பழைய பேசனிலோ தாமரை. இரண்டுக்கும் அகன்ற இலை, நீண்ட தண்டு, மண்ணுக்குள் கிழங்கு. நோய் வந்தாலும் ஒரே மாதிரித்தான் காட்டும்: இலை மஞ்சளாகும், ஓரம் கருகும், கிழங்கு அழுகும். அதனால் ஒன்றுக்குப் பலித்த வைத்தியத்தை மற்றதுக்கும் செய்துவிடுகிறார்கள். சேம்புக்கு மாட்டெரு போட்ட கையோடு தாமரைத் தொட்டிக்குள்ளும் இரண்டு பிடி போடுவார்கள். அடுத்த வாரம் தொட்டி நாறும்.

அறிகுறி ஒன்றாக இருந்தாலும் பரிகாரம் பல இடங்களில் நேரெதிர். இன்னொன்று, நம்முடைய பக்கத்தில் இந்தச் செடிகளுக்கு வரும் கோளாறில் பெரும்பங்கு நோயே கிடையாது. உப்புத் தண்ணீர், மணல், நிழல், அவசரம் என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். மருந்துக் கடைக்குப் போவது கடைசி வேலை.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

விற்றவர் சொன்ன பெயரை விடுங்கள். காம்பு இலையில் எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

இலை முழு வட்டம், வெட்டே இல்லை, காம்பு நட்டநடுவில் சேர்கிறது என்றால் தாமரை. இளம் இலைகள் மிதக்கும், பிறகு வருபவை தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். இலை எப்போதும் மிதந்தபடி, விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவும் இருந்தால் அது அல்லி. தாமரை என்று சொல்லி அல்லியைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அல்லி நல்ல செடிதான், ஆனால் கீழே தாமரைக்குச் சொல்லும் பலதும் அதற்குப் பொருந்தாது. பார்வைக்குச் சகோதரிகள் போல இருந்தாலும் தாவரவியலில் இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை என்றே சொல்லலாம். தாமரைக்கு அல்லியைவிட நெருங்கிய சொந்தம், குளிர்நாட்டுத் தெருவோரங்களில் நிற்கும் பிளேன் மரம்.

இதய வடிவ இலை, காம்பு இலையின் முதுகில் பிளவுக்குச் சற்று உள்ளே தள்ளிச் சேர்கிறது என்றால் சேம்பு. காம்பு சரியாகப் பிளவின் மூலையிலேயே சேர்ந்தால் அது சேம்பின் வேறு உறவுக்காரச் செடி. அவற்றில் சில அழகுக்கு மட்டும் வளர்ப்பவை, என்னவென்று உறுதியாகத் தெரியாமல் சட்டியில் போட வேண்டாம்.

குழப்பத்துக்கு இன்னும் ஒன்று: கறுப்பும் ஊதாவுமாக இலை உள்ள சேம்பைத் தடாகச் செடி என்று விற்கிறார்கள். அதுவும் அதே சேம்பு இனம்தான், இலை அழகுக்காகத் தெரிந்தெடுத்த வகை. தண்ணீரில் நின்றாலும் அதன் நோய்க்குச் சேம்புக்குரிய வைத்தியம் பார்க்க வேண்டும், தாமரைக்குரியது சரிவராது.

ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சோதனை

எந்த அறிகுறியானாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். விரலை நனைத்து இலையின் மேல் உதறுங்கள். நல்ல இலை என்றால் சொட்டு மணியாகத் திரண்டு, தூசியையும் சேர்த்துக்கொண்டு ஓடி விழும். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் எப்போதும் சொல்வதுதான். சேம்பிலையும் அதே குணம். இலைப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளும் அதன் மேல் மெழுகுப் படையும் இருப்பதால் தண்ணீர் ஒட்ட இடமில்லை. ஜெர்மனியத் தாவரவியலாளர்கள் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும் 1997இல் இதை விரிவாக எழுதினார்கள். தானாகத் துப்புரவாகும் பெயின்ட் வரைக்கும் அந்த அறிவு போயிருக்கிறது.

சொட்டு திரளாமல் படர்ந்து ஒட்டிக்கொண்டால் மெழுகு போய்விட்டது. வயதான இலையில் அது இயல்பு. இளம் இலையில் அப்படி இருந்தால், செடிப்பேனுக்கென்று சவர்க்காரத் தண்ணீரோ வேப்பெண்ணெயோ கடுமையாக அடித்திருப்பீர்கள். மெழுகு போன இலையில் ஈரம் தங்கும், ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் ஏறும். அடிப்பதை நிறுத்துங்கள். பழைய இலைக்கு மெழுகு திரும்பாது, புதிய இலை நல்லபடி வரும்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் முக்கியம்.

*சேம்பில் அடி இலைகள் மட்டும் மஞ்சள், மேலே பச்சை.* நட்டு ஆறேழு மாதம் ஆகிவிட்டதா? அப்படியானால் கிழங்கு முற்றுகிறது. புதிய இலை சிறுத்து, செடியே குட்டையாகிக்கொண்டு வரும். இந்த நேரத்தில் பசளை போடுவது வீண். தண்ணீரைக் குறைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு செடியைக் கிளறிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதச் செடியே இப்படி மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை. எழுவான்கரை, அதாவது கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள கரையோர மணலில் இது சர்வசாதாரணம். மழையோ வாளித் தண்ணீரோ சத்தை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். ஒரேயடியாக அள்ளிப் போடாமல், மக்கிய எருவை மாதம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே வைக்கோலோ காய்ந்த வாழையிலையோ பரப்பி மூடுங்கள்.

*தாமரையில் மிதக்கும் இலைகள் மட்டும் மஞ்சள், எழுந்த இலைகள் பச்சை.* ஒன்றும் செய்ய வேண்டாம். நின்ற இலை வந்ததும் மிதந்த இலையின் வேலை முடிந்துவிடும். மஞ்சளானதைக் கிள்ளி எடுக்கலாம், ஆனால் காம்பைத் தண்ணீருக்கு மேலேயே வெட்டுங்கள். தாமரையின் காம்புக்குள்ளே நீளமான குழாய்கள் ஓடுகின்றன. இலை உள்ளிழுக்கும் காற்று அந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போகிறது. தண்ணீருக்கு அடியில் அறுத்தால் அந்த வழியில் தண்ணீர் புகுந்துவிடும்.

காற்று ஓட்டத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்க ஆசையா? நல்ல வெய்யிலில், எழுந்து நிற்கும் இலையின் நடுவில் காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே வெளிறிய சிறு பொட்டு ஒன்று இருக்கும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படி விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வரும். செடி மூச்சு விடுகிறது.

*இரண்டிலும் புதிய இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை.* இது இரும்புச் சத்துப் பிரச்சினை. கடற்கரையை ஒட்டிய மணலில் சிப்பி, சங்குத் துகள் கலந்திருக்கும், அதில் சுண்ணாம்பு அதிகம். இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியிலும் இதே கதை, சீமெந்திலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். சேம்புக்கு மக்கிய இலைகுழையை நிறையச் சேர்த்தால் மெல்லச் சரிவரும். தாமரைக்கு அப்படிச் செய்யக்கூடாது. அங்கே தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தொட்டி என்றால், செடி வைக்குமுன் தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு வெளியேற்றி, மறுபடி நிரப்பி என்று பலமுறை செய்துவிட்டுத்தான் கிழங்கை வைக்க வேண்டும்.

அறிகுறி: இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது

எழுவான்கரையில் முதல் சந்தேகம் எப்போதும் கிணற்றின் மேல்தான் விழ வேண்டும்.

மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, அதனால் மேலே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கக் கிணறுகளெல்லாம் இந்த மெல்லிய படையை நம்பித்தான் இருக்கின்றன. மோட்டார் போட்டு இறைக்க இறைக்க நன்னீர்ப் படை மெலியும், கீழேயிருக்கும் உவர் மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் ஏராளமான கிணறுகள் உவர்த்துப்போனபோது, அடியோடு இறைத்துத் துப்புரவாக்கப் போய் இன்னும் உவர்ந்த கிணறுகளும் உண்டு. பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைதான். அதன்பிறகு ஆவணி வரைக்கும் தண்ணீரின் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி மாரியில் ஒரு ருசியும் பங்குனி, சித்திரையில் வேறு ருசியுமாக இருந்தால் செடிக்கும் அது தெரியும். நாக்கில் உப்புப் படுகிற தண்ணீர் தாமரைக்கு ஆகவே ஆகாது. சேம்பு கொஞ்சம் பொறுத்துப்போகும், ஆனாலும் கிழங்கு சிறுக்கும். சரியான அளவு தெரிய வேண்டுமென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தண்ணீரை எங்கே சோதிக்கலாம் என்று கேளுங்கள்.

சேம்புக்குப் பரிகாரம்: கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதை விட்டு, இடைவெளி விட்டு நிறைய ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மணலில் இது எளிது. மேலே தடிப்பாகச் செத்தை போட்டு மூடினால் ஆவியாவது குறையும்.

தாமரைத் தொட்டியில் இறங்கிப்போக வழியில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். கோடை முழுக்க உவர்த் தண்ணீரால் தொட்டியை நிரப்பிக்கொண்டே வந்தால், உப்பைக் கூட்டிக்கொண்டே வருகிறீர்கள். இலை கருகுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமி, "தண்ணி காணாது போல புள்ள, இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்பார். நல்ல மனத்தோடு சொல்லும் இந்தப் புத்திமதிதான் தொட்டியைக் கெடுக்கிறது. பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். வெளியேற்றியதைத் தென்னைக்கு ஊற்றலாம், தென்னை தாங்கும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாசம் போனபிறகு ஊற்றுங்கள். மாரியில் கூரைப் பீலித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து மூடி வைத்தால் பங்குனிக்கு உதவும்.

ஓரம் கருகுவதற்கு உப்பு இல்லாத காரணங்களும் உண்டு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும்போது எழுந்த தாமரை இலைகள் கிழிந்து, காற்றுப் படும் பக்கம் மட்டும் காயும். எல்லா இலையும் ஒரே பக்கமாகக் காய்ந்திருந்தால் அது காற்று. தொட்டியைச் சுவரோரம் நகர்த்தினால் போதும், வெய்யிலை மட்டும் மறைத்துவிடாதீர்கள். பசளை போட்ட சில நாளில் கருகினால் அளவு கூடிவிட்டது, தண்ணீரை மாற்றுங்கள். சேம்பில் முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் கருகி, கிணறும் நல்ல கிணறு என்றால் சாம்பற்சத்துக் குறைவு. அடுப்புச் சாம்பலை மண்ணோடு கொத்திவிடலாம். சிப்பித்துகள் உள்ள சுண்ணாம்பு மணலில் மட்டும் சாம்பல் வேண்டாம், அது சுண்ணாம்புக் குணத்தை இன்னும் கூட்டும்.

அறிகுறி: இலை செழிப்பு, ஆனால் கிழங்கும் இல்லை பூவும் இல்லை

சேம்பில் இது பெரும்பாலும் அவசரம். நாலாம் மாதத்தில் கிண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் நிறைய. வகையைப் பொறுத்து ஆறு முதல் ஒன்பது மாதம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. அடுத்த காரணம் யூரியா. இலை ஆளுயரம் வரும், கீழே விரல் பருமன் கிழங்கு. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு யூரியாவை நிறுத்தி, அடியில் மண்ணை அணைத்துவிடுங்கள். மாமர நிழலில் சேம்பு இலை விடும், கிழங்கு தராது.

தாமரைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெய்யில் வேண்டும், இதில் பேரம் பேச முடியாது. வாசல் போர்ட்டிகோவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்றால் செடி என்ன செய்யும்? வெய்யில் சரியென்றால் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். தொட்டித் தாமரைக்கு மண்ணுக்கு மேலே ஒரு சாண் தாராளம். இளம் செடிக்கு நாலு விரல் போதும். ஆழம் கூடினால் அடிமண் சூடேறாது. அதுவும் சரியென்றால் தொட்டி நெருக்கமாகிவிட்டது. தாமரைக் கிழங்கு ஓரத்தைத் தொட்டுச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு வருடத்தில் தொட்டியை அடைத்துவிடும். பிரித்து, நல்ல வளரும் நுனி உள்ள ஒரு துண்டை மட்டும் மறுபடி வையுங்கள். சதுரத் தொட்டியைவிட வட்டத் தொட்டி நல்லது. சதுரத்தின் மூலையில் நுனி முட்டி மடங்கி நின்றுவிடும்.

விதையிலிருந்து வந்த செடியென்றால் முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள். விதை முளைக்கவே இல்லை என்றால், ஓட்டைத் தேய்க்கவில்லை. விதையின் குழி உள்ள பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீரில் போட்டுத் தினமும் மாற்றினால் சில நாளில் முளைக்கும். அவ்வளவு இறுக்கமான ஓடு அது. வடகிழக்குச் சீனாவில் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த விதை ஒன்று, சுமார் 1300 ஆண்டுப் பழையது என்று கணித்த பிறகும் முளைத்திருக்கிறது. கடையில் வாங்கிய தாமரைப் பருப்பு முளைக்காது. ஓடும் இல்லை, முளையையும் எடுத்துவிட்டிருப்பார்கள்.

அறிகுறி: கிழங்கு அழுகி நாறுகிறது

இரண்டு செடியும் இங்கேதான் முழுதாகப் பிரிகின்றன.

சேம்பு ஈரத்தை விரும்பும், ஆனால் தேங்கிய சூடான தண்ணீரில் அழுகும். ஹவாய்த் தீவுகளில் சேம்பை நெல்வயல் போல நீர்ப்பாத்தியில் வளர்க்கிறார்கள். அங்கே தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்ந்தும் இருக்கும். ஓடுகிற தண்ணீரில் காற்று உண்டு. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக் களிமண்ணில் மழைக்குப் பிறகு நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் அது கிடையாது. செடி திடீரென்று தொய்ந்து, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்து, கிழங்கு கூழாகிப் புளித்த நாற்றம் அடித்தால் அது அழுகல் நோய். அந்தச் செடியைச் சுற்று மண்ணோடு தூக்கி எறியுங்கள். அதிலிருந்து நடுகிழங்கு எடுக்கக்கூடாது, பார்வைக்கு நன்றாக இருக்கும் குட்டிகளையும் எடுக்கக்கூடாது. அடுத்த முறை மேட்டுப் பாத்தி, பக்கத்தில் வாய்க்கால், வேறு இடம்.

தாமரை அழுகினால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. காரணம் எரு, அல்லது முறிந்த நுனி. சேற்றுக்குள் மக்காத மாட்டெருவும் இலைகுழையும் இருந்தால், காற்றில்லாத இடத்தில் அவை நொதித்து, கறுத்த சேறும் அழுகிய முட்டை நாற்றமும் வரும். பூச்சாடிக்குரிய கலவை மண்ணும் தும்புச் சோறும் கூடவே கூடாது, பாதி மிதக்கும், மீதி அழுகும். தாமரைக்கு வயல் களிமண் மட்டும் போதும். பார்த்தால் வரட்சியாக, சத்தே இல்லாதது போல இருக்கும், பயப்பட வேண்டாம். எழுந்த இலை இரண்டு மூன்று வந்தபிறகு, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான கலவைப் பசளையைக் களிமண் உருண்டைக்குள் பொதிந்து, தொட்டி ஓரச் சேற்றில், வளரும் நுனிக்கு எட்டாத இடத்தில் அழுத்திவிடுங்கள். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

நுனி என்பது கிழங்கின் முனையில் இருக்கும் கூரான வெளிறிய முளை. சற்று அழுத்தினாலே பட்டென்று முறியும். கிழங்கில் இருந்த ஒரே நுனி முறிந்தால் மீதி அழுகிவிடும். நடும்போது கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே மெல்லச் சேறு போட்டு, நுனியை வெளியே விடுங்கள். மிதக்காமல் இருக்க ஒரு தட்டைக் கல்.

அறிகுறி: இலையில் புள்ளி, ஓட்டை

மாரியில் சேம்பிலையில் தண்ணீர் ஊறினாற்போல வட்டப் புள்ளி தோன்றி, பழுப்பாகி, நாளுக்கு நாள் பெரிதானால் இலைக்கருகல். ஈர இரவுகளில் வேகமாகப் பரவும். பட்ட இலையை மழையில்லாத நேரத்தில் அறுத்து வளவுக்கு வெளியே கொண்டுபோங்கள், நெருக்கமாக நட்டிருந்தால் இடையில் சிலதைத் தூக்குங்கள். தாமரைக்கு இந்த நோய் வராது.

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒரு புழு. இலையின் அடியில் பழுப்பு மயிர் மூடிய முட்டைத் திட்டு, பிறகு கூட்டமாகச் சுரண்டித் தின்னும் குஞ்சுப் புழுக்கள், இலை கண்ணாடி போல ஆகும். அந்தக் கட்டத்திலேயே இலையோடு கிள்ளி நசுக்கினால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் புழு பிரிந்துபோய், பகலில் ஒளிந்து இரவில் தின்னும். தாமரைப் பேனுக்கு மருந்து வேண்டாம், தண்ணீரைப் பீச்சிக் கழுவிவிடுங்கள். விழுவதைக் கப்பி மீன் பார்த்துக்கொள்ளும்.

கப்பி எப்படியும் வேண்டும். நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். டெங்குக் காலத்தில் மீன் இல்லாத தாமரைத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சும்மா போகமாட்டார், போகவும் கூடாது. மீன் விட்ட தொட்டியில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் பசளை கூடிவிட்டது, அல்லது இலை இன்னும் தண்ணீரை மூடவில்லை. பின்னது தானே சரியாகும்.

சேம்பிலை நுனியில் விடியற்காலை தொங்கும் தண்ணீர்ச் சொட்டைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். வேர் இரவில் இழுத்த மிகுதித் தண்ணீர் அது, நோயில்லை.

அறிகுறி: கறியில் அரிப்பு, அல்லது கறுப்பு

சேம்புக் கறி தொண்டையில் அரித்தால் வேகவில்லை. கிழங்கிலும் இலையிலும் கல்சியம் ஒக்சலேற்று ஊசி ஊசியாக இருக்கிறது. உரிக்கும்போது கை அரிப்பதும் அதனால்தான், ஈரக் கையில் உரிக்காமல் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புளி சேர்த்துச் சமையுங்கள். அலங்காரக் கறுப்பிலைச் சேம்பின் கிழங்கில் இந்த அரிப்பை நம்ப முடியாது, விட்டுவிடுங்கள்.

தாமரைக் கிழங்கு வெட்டியதும் கறுத்தால் கெட்டுப்போகவில்லை, காற்றுப் பட்டதால் வரும் நிறம். தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் போடுங்கள். துளைகளுக்குள் சேறு இருக்கும், ஈர்க்கு விட்டுக் கழுவ வேண்டும். பச்சையாகத் தின்ன வேண்டாம். தொட்டிக்குள் எப்போதாவது பூச்சிமருந்து பட்டிருந்தால் அந்தக் கிழங்கு நடுவதற்கு மட்டும்.